ஈர நெல்லுக்குள் கையை விட்டால் ஏன் சுடுகிறது?

கேட்டது பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். அப்பாவுக்குக் காரைக்குடிப் பக்கத்துப் புதுவயலில் அரிசி ஆலை வேலை. அவள் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்: “மழையில் நனைந்த ஒரு லோடு நெல்லைக் களத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து உள்ளே கையை விட்டால் சுட்டது. ‘நெல்லு மூச்சு விடுது, அதான் வேர்க்குது’ என்றார் அப்பா. அது நிஜமா ஐயா? இன்னொரு சந்தேகம். ஒளிச்சேர்க்கையும் சுவாசித்தலும் ஒன்றுக்கொன்று தலைகீழ் என்று பாடத்தில் இருக்கிறது. சர்க்கரையைச் செய்துவிட்டு அதையே எரிப்பானேன்? வெயில் பட்டதுமே செடிக்கு ஏடிபி (செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் சக்தி மூலக்கூறு) கிடைத்துவிடுகிறதே, அதை வைத்தே பிழைத்துக்கொள்ள வேண்டியதுதானே?”

அப்பா சொன்னது முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசிக்குக் கடைசியில் வருகிறேன். இரண்டாவது கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் தாவரவியல் நடத்தியவன் நான். இதைக் கேட்ட பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். குற்றம் பிள்ளைகள் மேல் இல்லை. இரண்டு சமன்பாட்டையும் மேலும் கீழுமாக அச்சடித்து, அம்புக்குறியை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டால், கடன் வாங்கி அன்றைக்கே திருப்பிக் கொடுத்த கணக்கு மாதிரிதான் தெரியும். ஏன் வாங்கினான், நடுவில் என்ன செய்தான் என்று அதில் எழுதியிருக்காது.

முதலில் எடைக் கணக்கு. ஒரு மூட்டை நெல் எதிலிருந்து வந்தது என்று யாரைக் கேட்டாலும் மண்ணைத்தான் காட்டுவார்கள். பெல்ஜியப் பக்கத்துக்காரர் வான் ஹெல்மான்ட் 17ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார். 200 ராத்தல் காய்ந்த மண்ணைத் தொட்டியில் நிரப்பி, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, 5 வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 ராத்தலுக்கு வளர்ந்திருந்தது. மண்ணின் எடை குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ்தான். அப்படியானால் மரம் முழுக்கத் தண்ணீர்தான் என்று முடிவு கட்டினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘கேஸ்’ என்ற சொல்லையே உண்டாக்கியவர் அவர். கரி எரியும்போது வரும் வாயுவைத் தனியாக அடையாளம் கண்டவரும் அவர்தான். அந்த வாயுவைத்தான் தன் தொட்டியில் இருந்த மரம் ஐந்து வருஷமாகத் தின்றுகொண்டிருந்தது என்று அவருக்குத் தோன்றவில்லை. காற்றில் பத்தாயிரத்துக்கு நான்கு பங்குதான் கார்பன் டை ஆக்சைடு. உங்கள் ஆலைக்கு வரும் நெல், உமி, தவிடு, வைக்கோல் எல்லாவற்றின் கரியும் அந்த நான்கு பங்கிலிருந்து வந்ததுதான்.

ஆனால் கரி கிடைத்தால் மட்டும் போதாது. கார்பன் டை ஆக்சைடு என்பது எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. அதைத் திரும்ப விறகாக்க வேண்டும். அதற்குச் சக்தி வேண்டும், எலக்ட்ரானும் வேண்டும். இரண்டையும் இலை எப்படிப் பிடிக்கிறது என்பதை வகுப்பில் ஒரு வழியாகக் காட்டுவேன். நீயும் செய்து பார்க்கலாம். ஒரு கைப்பிடிக் கீரையை அம்மியில் நசுக்கி, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினால் கடும்பச்சைச் சாறு வரும். கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அறையை இருட்டாக்கி, கடைகளில் கள்ளநோட்டுப் பார்ப்பதற்கு வைத்திருக்கிறார்களே, அந்த ஊதா விளக்கை அடித்துப் பார். பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிரும். கடைசி பெஞ்சுக்காரன்கூட “சார்!” என்று எழுந்துவிடுவான்.

அந்தச் சிவப்பு, வீணாகிப்போகும் சக்தி. ஒளி பட்டதும் பச்சையத்தில் ஒரு எலக்ட்ரான் மேல் படிக்கு ஏறுகிறது. சாற்றில் அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை. எனவே விழுந்துவிடுகிறது; விழும்போது ஒளியாகவும் சூடாகவும் கழிகிறது. உயிருள்ள இலையில் அதே விளக்கை அடித்தால் இந்த அளவுக்குச் சிவப்பைப் பார்க்க முடியாது. அங்கே பக்கத்திலேயே வாங்க ஒருவன் நிற்கிறான். ஏறிய எலக்ட்ரான் விழுவதற்குள் பறித்துக்கொள்கிறான். ஒளிச்சேர்க்கையின் சாமர்த்தியம் முழுவதும் இந்தப் பறிப்பில் இருக்கிறது என்பது என் கட்சி. மற்றதெல்லாம் பறித்ததைக் கணக்காகச் செலவழிக்கும் ஏற்பாடு.

எலக்ட்ரானைப் பறிகொடுத்த பச்சையம் சும்மா இருக்காது. பக்கத்தில் கிடைக்கும் தண்ணீரிடமிருந்து பிடுங்கும். தண்ணீரிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்குவது எளிய காரியமில்லை. நான்கு மாங்கனீசு, ஒரு கால்சியம் சேர்ந்த ஒரு சிறு கொத்து அதைச் செய்கிறது. இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளிலிருந்து நான்கு எலக்ட்ரான், நான்கு புரோட்டான், மிச்சமாக ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு. நாம் இழுக்கும் மூச்சு அந்த மிச்சம்தான். ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருவதாகத்தான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1941இல் ரூபனும் காமனும் கனமான ஆக்சிஜன் கலந்த தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்து, வெளியே வரும் குமிழில் அதே கனமான ஆக்சிஜன் இருப்பதைக் காட்டினார்கள். வெயில் நேரத்தில் ஊரணிப் படிக்கட்டில் உட்கார்ந்து பார். பாசியில் முத்து முத்தாக ஒட்டியிருக்கும் குமிழியில் பெரும்பகுதி ஊரணித் தண்ணீரே உடைந்து வந்தது.

பறித்த எலக்ட்ரான் கைமாறிக் கைமாறிப் போகிறது. போகிற வழியில் ஒரு வேலை நடக்கிறது. அதைச் சொல்ல நம் பக்கத்தில் கண்மாயைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கண்மாய்த் தண்ணீருக்கு மதிப்பு கரையால் வருகிறது. கரைக்கு இந்தப் பக்கம் மேடான நீர், அந்தப் பக்கம் பள்ளமான வயல். மடையைத் திறந்தால் பாயும். பாயும் இடத்தில் சக்கரத்தை வைத்தால் சுற்றும். இலைச் செல்லில் பச்சையத்தை வைத்திருக்கும் பசுங்கணிகத்துக்குள் தைலகாய்டு என்று அடுக்கடுக்காகத் தட்டைப் பைகள் கிடக்கின்றன அல்லவா, அந்தப் பையின் சவ்வுதான் கரை. எலக்ட்ரான் சவ்வு வழியே இறங்கிப் போகும்போது வெளியே இருக்கும் புரோட்டான்களைப் பைக்குள் இறைத்துவிடுகிறது. ஏற்றம் இறைப்பது மாதிரி. உள்ளே புரோட்டான் சேரச் சேரப் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை, ஏறும். மடை வழியாக அவை வெளியே பாயும்போதுதான் ஏடிபி உண்டாகிறது. எலக்ட்ரானை வழியில் வெயில் இன்னொரு முறை ஏற்றிவிடுகிறது. கடைசியில் அது என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறில் போய் உட்காருகிறது. அது சர்க்கரை செய்யத் தேவையான எலக்ட்ரான் சரக்கு.

இந்தக் கண்மாய்க் கணக்கை 1961இல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர் சொன்னபோது பெரும்பாலோர் நம்பவில்லை. ஏடிபி உண்டாக நடுவில் ஏதோ ஒரு ரசாயனப் பொருள் இருக்க வேண்டும் என்று ஆளாளுக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். மிட்செல் உடம்பு சரியில்லாமல் பல்கலைக்கழக வேலையை விட்டு, கார்ன்வாலில் பாழடைந்த ஒரு மாளிகையைப் பழுதுபார்த்து, அங்கேயே ஜெனிஃபர் மொய்லுடன் ஆய்வுக்கூடம் நடத்தினார். 1978இல் நோபல் பரிசு. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பூட்டிக்கிடக்கும் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதர் ஞாபகம் வரும்.

அவர் சொன்னது சரிதான் என்று நம்பவைத்த சோதனைகளில் எனக்குப் பிடித்தது ஜாகன்டார்ஃபும் யூரிபியும் 1966இல் செய்தது. பசலைக்கீரையின் தைலகாய்டுப் பைகளை எடுத்து, இருட்டிலேயே புளிப்பான கரைசலில் ஊறவைத்தார்கள். பைக்குள் புளிப்பு ஏறியது. பிறகு சட்டென்று காரமான, அதாவது அமிலத்துக்கு எதிரான, கரைசலுக்கு மாற்றினார்கள். உள்ளே புளிப்பு, வெளியே காரம். கண்மாய் தானாக நிரம்பியாயிற்று. ஏடிபி உண்டானது. ஒரு துளி வெயில் இல்லை. அப்படியானால் ஏடிபியைப் பொறுத்தவரை வெயிலின் வேலை கண்மாயை நிரப்புவது மட்டும்தான். வேறு எதனால் நிரப்பினாலும் சக்கரம் சுற்றும். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள். உன் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது.

சக்கரம் என்று நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. ஏடிபி சிந்தேஸ் என்ற அந்த நொதி நிஜமாகவே சுற்றுகிறது. ஆச்சிமார் மாவாட்டும் ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள். உரல் அசையாது, குழவி சுற்றும். இங்கேயும் தலைப்பகுதி அசையாமல் நிற்க, நடுவில் கோணலான ஒரு தண்டு சுற்றுகிறது. கோணல் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்து அறை நசுங்கி ஏடிபியைச் செய்யும், விடும். மூன்று அறை; எனவே ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி. விநாடிக்கு நூறு சுற்றுக்கு மேல் போகும். இந்த வேலைக்காகப் பாயரும் வாக்கரும் 1997இல் நோபல் வாங்கினார்கள். அதே வருஷம் ஜப்பானியர்கள் அந்தத் தண்டின் நுனியில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, அது விசிறி மாதிரிச் சுற்றுவதை நுண்ணோக்கியில் படமே பிடித்துவிட்டார்கள்.

இப்போது ஏடிபி. 1929இல் ஜெர்மனியில் லோமன் கண்டுபிடித்தார். அதே காலத்தில் ஹார்வர்டில் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகடா சுப்பாராவும் தனியாகக் கண்டுபிடித்தார்கள். சுப்பாராவ் பீமவரத்துக்காரர், படித்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில். நம் பாடத்தில் அவர் பெயருக்கு ஒரு வரிகூட ஒதுக்காதது எனக்குத் தீராத வருத்தம்.

ஏடிபியைச் சேமிப்பு என்று நினைத்துக்கொள்வதில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது. அது கல்லாவில் புரளும் சில்லறை. உன் உடம்பில் இந்த நிமிஷம் இருக்கும் ஏடிபி மொத்தம் ஐம்பது கிராமை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் ஒரு நாளில் உடம்பு செய்து செலவழிக்கும் ஏடிபியைக் கூட்டினால் கிட்டத்தட்ட உன் எடைக்கே வந்துவிடும். ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அளவில் உடைந்து உடைந்து திரும்பச் செய்யப்படுகிறது என்று அர்த்தம். நாளைக்கு ஆகட்டும் என்று அதை எடுத்து வைக்க முடியாது. ஒரு செல்லிலிருந்து தூரத்துச் செல்லுக்கு அனுப்பவும் முடியாது. பசுங்கணிகத்தில் வெயிலால் உண்டாகும் ஏடிபி பெரும்பாலும் அங்கேயே, சர்க்கரை செய்வதிலேயே தீர்ந்துவிடுகிறது.

அப்படியானால் மண்ணுக்கடியில் இருக்கும் வேருக்கு யார் போடுவார்கள் சோறு? பட்டைக்குள் இருக்கும் செல்லுக்கு? விதைக்குள் இருக்கும் கருவுக்கு? பொழுது சாய்ந்த பிறகு அந்த இலைக்கேதான் யார்? இவர்கள் யாருக்கும் வெயில் கிடையாது. கண்மாய் நிரப்ப வேறு வழி வேண்டும். கெடாத, எடுத்துப்போகக்கூடிய, தேவைப்படும்போது எலக்ட்ரானைத் திரும்பத் தரக்கூடிய ஒரு சரக்கு வேண்டும். அந்தச் சரக்குதான் சர்க்கரை.

அது போகும் பாதையை நம் ஊரில் கண்ணாலேயே பார்க்கலாம். கோடையில் விடிகாலையில் பனையேறுபவர் பாளையின் நுனியை மெல்லிய வில்லையாகச் சீவிவிட்டு அடியில் கலயத்தைக் கட்டுகிறார். சொட்டுச் சொட்டாக இறங்கும் பதநீர், இலை செய்த சர்க்கரையைப் பூவுக்கு ஏற்றிப்போகும் புளோயச் சாறு. நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு சர்க்கரை. மரம் குலைக்கு அனுப்பிய பண்டத்தை வழியில் மறித்து, பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைப் போட்டுக் குடித்துவிடுகிறோம். பொங்கலுக்கு அவித்துத் தின்னும் பனங்கிழங்கு, அதே சரக்கை மாவுச்சத்தாகக் கட்டி வைத்த மூட்டை.

கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதும் நம் விஷயத்தோடு சேர்ந்ததுதான். தடவாவிட்டால் காற்றில் வரும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். பொழுது ஏறுவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடும். அடியில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஈஸ்ட் சர்க்கரையைப் பாதியில் உடைத்து, சாராயத்தையும் வாயுவையும் விட்டுவிடுகிறது. ஒரு குளுக்கோசுக்கு அதற்குக் கிடைப்பது 2 ஏடிபிதான். ஆக்சிஜன் இருந்தால் 30, 32 வரை எடுக்கலாம். மிச்சச் சக்தி எங்கே என்றால், சாராயத்திலேயே இருக்கிறது. தீக்குச்சி கிழித்தால் அது எரிவதே அதற்குச் சாட்சி.

சர்க்கரை செய்யும் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறேன். பாடத்தில் கால்வின் சுழற்சி நன்றாகவே இருக்கிறது. ருபிஸ்கோ என்ற நொதி கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிறது. ரொம்ப மந்தமான நொதி: விநாடிக்கு மூன்று தடவை வேலை செய்தால் அதிகம். போதாததற்கு ஆக்சிஜனையும் தவறாகப் பிடித்துத் தொலைக்கும். வெக்கை கூடினால் தவறும் கூடும். நெல் அதைச் சகித்துக்கொள்கிறது. சோளம், கம்பு, கேழ்வரகு, கரும்பு எல்லாம் அதைச் சுற்றிப்போக வழி கண்டுபிடித்துவிட்ட பயிர்கள். நம் செம்மண் மேட்டில் அவை தாக்குப்பிடிப்பதற்கு அது ஒரு காரணம்.

அதில் கவனிக்க வேண்டியது செலவுக் கணக்கு. ஒரு குளுக்கோஸ் அளவுக்குச் சர்க்கரை செய்ய 18 ஏடிபியும் 12 என்ஏடிபிஹெச்சும் ஆகின்றன. அந்த 12ன் எலக்ட்ரான்களை, செல்லின் சுவாசக் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் விட்டிருந்தால் சுமார் 30 ஏடிபி கிடைத்திருக்கும். ஆக முதலீடு 48. திரும்பி வருவது 30, 32. மூன்றில் ஒரு பங்கு நஷ்டம். நீ கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதற்காகவே இந்தக் கணக்கைப் போட்டேன். நம் செட்டிமார் ரங்கூன் கடையில் பணத்தைக் கட்டி, உண்டியல் (வேறு ஊரில் பணமாக மாற்றிக்கொள்ளும் சீட்டு) எழுதி வாங்கி, காரைக்குடியில் மாற்றிக்கொண்டார்கள். கழிவு போகும் என்று தெரியாமலா? ரங்கூன் கல்லாவில் இருக்கும் பணத்தைக் கொண்டு காரைக்குடியில் உப்பு வாங்க முடியாது. இலையின் ஏடிபிக்கும் வேரின் பசிக்கும் நடுவில் இருப்பது அதே தூரம்தான்.

இனி இறங்கும் பக்கம். உன் அப்பாவின் ஆலையில் நெல் அவிக்கும் பாய்லருக்கு உமியைத்தான் கொட்டுவார்கள். உமி எரிவதும் செல் சுவாசிப்பதும் கடைசிக் கணக்கில் ஒன்றே: கரியோடும் ஹைட்ரஜனோடும் ஆக்சிஜன் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும். உலையில் எலக்ட்ரான் ஒரே பாய்ச்சலில் ஆக்சிஜன் மேல் விழுகிறது, அத்தனையும் தீயாகிறது. செல் அதைப் படிப்படியாக இறக்குகிறது. சர்க்கரையை முதலில் இரண்டாக உடைப்பது, பிறகு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கிரப்ஸ் சுழற்சியில் துண்டு துண்டாக்குவது, எல்லாமே எலக்ட்ரானைச் சூதானமாக உருவி எடுக்கும் வேலை. உருவிய எலக்ட்ரான்கள் உள்சவ்வில் வரிசையாக இறங்குகின்றன. ஒவ்வொரு இறக்கத்திலும் புரோட்டான் இறைக்கப்படுகிறது. கீழே காத்திருக்கும் ஆக்சிஜன் கடைசியில் எலக்ட்ரானை வாங்கித் தண்ணீராகிறது. சேர்ந்த புரோட்டான்கள் மடை வழியே பாய்கின்றன, ஆட்டுக்கல் சுற்றுகிறது, ஏடிபி விழுகிறது.

பார்த்தாயா? அதே கண்மாய், அதே கரை, அதே சக்கரம். நிரப்புகிற கை மட்டும் வேறு: அங்கே வெயில், இங்கே சர்க்கரை. பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு காலத்தில் தனித்தனி பாக்டீரியாக்களாக இருந்து, பெரிய செல்லுக்குள் குடியேறியவை. இந்தச் சக்கரம் அதற்கும் முந்தின பழைய சொத்து. எனவே “தலைகீழ்” என்பது உள்ளே போகும், வெளியே வரும் பொருள்களுக்குத்தான் பொருந்தும். இயந்திரத்தைப் பார்த்தால் பங்காளிகள்.

அந்தக் கரையின் தாங்குதிறனையும் சொல்ல வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு இருபுறமும் 150 மில்லிவோல்ட்டை ஒட்டி மின்னழுத்தம் உண்டு. டார்ச் பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர்தான். வகுத்துப் பார்த்தால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த சிக்ரி, மின்வேதியியலுக்காகவே உள்ள ஒரு மத்திய ஆய்வு நிறுவனம், நம் காரைக்குடியில் 1953 முதல் இயங்குகிறது. பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் பேட்டரியைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரின் உடம்புக்குள்ளும் ஓடுவது மின்வேதியியல்தான் என்று வரும் வழியில் பஸ்ஸில் சொல்வேன். முறுக்குத் தின்றுகொண்டே கேட்பார்கள்.

இப்போது சூட்டுக்கு வருவோம். ஒரு மோல் குளுக்கோஸ், அதாவது 180 கிராம், முழுதாக எரிந்தால் சுமார் 2,800 கிலோஜூல். 30, 32 ஏடிபியில் அடங்குவது செல்லுக்குள் இருக்கும் நிலவரப்படி ஏறக்குறைய பாதி. மீதி உடனே சூடு. ஏடிபியில் அடங்கிய பாதியும் வேலை முடிந்ததும் பெரும்பாலும் சூடாகத்தான் கழியும். கரையில் வேண்டுமென்றே ஓட்டை போட்டால் எல்லாமே நேரே சூடுதான். பச்சைக் குழந்தையின் முதுகில் இருக்கும் பழுப்புக் கொழுப்பு இப்படி ஓட்டை போட்டுத்தான் குளிரைத் தாங்குகிறது. 1930களில் டைநைட்ரோஃபீனால் என்ற மருந்தை மெலிவதற்காக அமெரிக்காவில் விழுங்கினார்கள். அதுவும் இதே ஓட்டையைத்தான் போட்டது. மெலிந்தார்கள்தான், உடம்பு கொதித்துச் சிலர் செத்தும் போனார்கள். செடியிலும் உண்டு. சேனைக்கிழங்கு பூத்தால் பிண நாற்றம் அடிக்குமே, அந்தப் பூவின் நடுத்தண்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே ஓட்டை இல்லை, குறுக்கு வழி: எலக்ட்ரான் புரோட்டானை அதிகம் இறைக்காமல் ஆக்சிஜனுக்குப் போய்விடுகிறது. நாற்றத்தை ஆவியாக்கி ஈயையும் வண்டையும் கூப்பிடுவதற்காக அந்தச் சூடு.

ராத்திரி விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். செடியின் சுவாசத்தைப் பற்றி எழுதினால் உடனே அந்தக் கேள்வி வந்து நிற்கும். செடி ராத்திரி மட்டும் சுவாசிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பகலிலும் சுவாசிக்கிறது, ஒளிச்சேர்க்கை அதைவிட மிகையாக நடப்பதால் வெளியே தெரிவதில்லை. பகலில் சேர்த்த மாவுச்சத்தை இலை ராத்திரியில் கரைத்துச் சாப்பிடுகிறது. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் அளந்து பார்த்தார்கள்: விடியும் நேரத்துக்குக் கையிருப்பு கிட்டத்தட்டத் தீரும்படி கணக்காகச் செலவழிக்கிறது. திடீரென்று பொழுதைச் சீக்கிரம் இருட்டாக்கினால், நீண்ட ராத்திரிக்குத் தகுந்தபடி செலவைக் குறைத்துக்கொள்கிறது.

புளியமரத்தடியில் ராத்திரி படுத்தால் பேய் அமுக்கும் என்பதற்கு ‘விஞ்ஞான விளக்கம்’ என்று கார்பன் டை ஆக்சைடைக் காட்டுவார்கள். திறந்த வெளியில் அந்த வாயு கலைந்துபோய்விடும். ஆளை அமுக்கும் அளவுக்கெல்லாம் தேங்காது. அரசமரமும் துளசியும் 24 மணி நேரமும் ஆக்சிஜன் விடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் பொய். தண்ணீரை உடைக்க வெயில் வேண்டும். வெயில் இல்லாவிட்டால் எந்த இலையும் ஆக்சிஜன் விடாது. ராத்திரியில் வாய் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி வைக்கும் செடிகள் உண்டு. கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, ‘கட்டிப்போட்டால் குட்டி போடும்’ என்று புத்தகத்துக்குள் வைப்போமே, அந்த ரணகள்ளி. வாங்கியதை அமிலமாகக் கட்டி வைப்பதால் ரணகள்ளி இலை விடிகாலையில் புளிக்கும், மத்தியானத்துக்குள் புளிப்புப் போய்விடும். கம்பெனிக் காலத்தில் இந்தியாவில் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன் 1815இல் இதை நாக்கால் கண்டுபிடித்து எழுதினார். நானும் பார்த்திருக்கிறேன். நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. அதில் நஞ்சு உண்டு. அந்தச் செடிகளும் ஆக்சிஜனைப் பகலில்தான் விடும்.

சரி, குவியல். நன்றாகக் காய்ந்த நெல், 13, 14 சதவீத ஈரத்தில், உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் மூச்சு அத்தனை மெதுவு. அதனால்தான் கடித்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும் என்று களத்தில் பதம் பார்க்கிறார்கள். அரசுக் கொள்முதலில் 17 சதவீதத்துக்கு மேல் போனால் தகராறு வருவதும் இதை ஒட்டித்தான். மழையில் நனைந்து ஈரம் ஏறியதும் கரு விழித்துக்கொள்கிறது. விதைநெல்லைச் சாக்கில் கட்டி முளைகட்டும்போது மூட்டை சூடாவது இந்த விழிப்பினால்தான். விவசாயிக்கு அது நல்ல அறிகுறி.

களத்துக் குவியலில் அது விபத்து. ஒரு கிலோ மாவுச்சத்து சுவாசத்தில் கரைந்தால், ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவுக்குச் சூடு வரும். நெல் சூட்டைக் கடத்தாது. நடுவில் பிறந்தது நடுவிலேயே தங்கிவிடும். அதே ஒரு கிலோவிலிருந்து அரைக் கிலோவுக்கு மேல் புதுத் தண்ணீரும் உண்டாகிறது. “வேர்க்குது” என்று உன் அப்பா சொன்னாரே, அதில் மழைத்தண்ணீர் மட்டும் இல்லை. நெல் தானே செய்த தண்ணீரும் இருக்கிறது. அந்த ஈரம் மூச்சைக் கூட்டும்; மூச்சு சூட்டைக் கூட்டும். தார்ப்பாய் வேறு மூடியிருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு மூன்று நாளில் அரிசி மஞ்சளாகிவிடும். அப்புறம் எத்தனை பாலிஷ் போட்டாலும் வெளுக்காது.

மிச்சக் கால்வாசி என்றேனே, அது இதுதான். அந்த மூச்சு நெல்லுடையது மட்டும் இல்லை. ஈரம் ஏறிய தானியத்தில் பூஞ்சணம் பூத்துவிடும். குவியலின் சூட்டில் பெரும்பங்கு பெரும்பாலும் அதனுடையது. அதற்கும் இதே மைட்டோகாண்ட்ரியா, இதே சக்கரம். எது யாருடையது என்று பிரிக்க உங்கள் ஆலையிலேயே வழி இருக்கிறது. புழுங்கலுக்காக அவித்த நெல்லில் கரு செத்துவிடும். அதற்கு மூச்சு கிடையாது. அவித்து இறக்கிய சூடு முழுக்க ஆறிய பிறகும், சரியாகக் காயாத ஒரு குவியல் திரும்பச் சுட ஆரம்பித்தால், அது முழுக்கப் பூஞ்சணமும் அதன் கூட்டாளிகளும்தான். நீ கைவிட்டுப் பார்த்தது பச்சை நெல்லா, அவித்த நெல்லா என்று அப்பாவிடம் கேட்டு எழுது.